ஊசியைத் தொடுமுன் உடலைப் படிக்கட்டும்



“மகள் அக்குபங்சர் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள். ஆறு வாரத்தில் சான்றிதழ் கொடுத்துவிடுவார்களாம். சேர்த்துவிடலாமா?” என்று கேட்கும் தாய்மார்கள் பலர். படிக்கட்டும், மார்க்கத்தில் அதற்குத் தடையில்லை. பெண்ணுக்குப் பெண்ணே வைத்தியம் பார்க்க ஆள் வேண்டும் என்று நாம்தானே கேட்டுக்கொண்டிருக்கிறோம்? ஆனால் ஆறு வாரம் என்கிறீர்களே, அங்குதான் நின்று பேச வேண்டியிருக்கிறது. ஒழுங்காகத் தையல் பழகவே ஆறு மாதம் ஆகிறது. அதில் கை பிசகினால் துணிதான் வீணாகும்.

இந்த விஷயத்தில் யாழ்ப்பாணத்து உடுவில் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். உடுவில் என்றதும் 1824இல் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை நினைவுக்கு வரும். பெண் பிள்ளைக்கு எழுத்தெதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. உடுவிலுக்குப் பக்கத்து ஊர் மானிப்பாய். 1847இல் இலங்கைக்கு வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்கர், மறு ஆண்டு மானிப்பாய்க்கு வந்து வைத்தியம் பார்த்தார். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 1873 வரை அங்கே இருந்தார். இவர்களெல்லாம் தங்கள் மதத்தைப் பரப்ப வந்தவர்கள்தாம். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கிறீன் பாடம் நடத்திய விதத்தைக் கவனியுங்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேலைநாட்டு வைத்தியம் கற்றுக்கொடுக்க அவர் முனைந்தபோது தமிழில் அதற்குப் புத்தகமே கிடையாது. அவரே புத்தகம் ஆக்க இறங்கினார். 1857இல் பிரசவ வைத்திய நூல் தமிழில் அச்சாயிற்று. 1867இல் ‘இரண வைத்தியம்’ வந்தது. ஆங்கில மருத்துவ மாணவர்கள் இன்றும் புரட்டுகிற ‘கிரே’யின் உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷவங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழானது. எலும்பு எது, நரம்பு எது, நெஞ்சுக்குள் எது எங்கே இருக்கிறது என்பதைத் தாய்மொழியில் படித்து, வைத்தியசாலையில் ஆசிரியரின் கண் முன்னால் பழகிய பிறகே மாணவர்கள் தனியாகக் கத்தியைத் தொட்டார்கள். அப்படி அவரிடம் உருவானவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். உடுவிலுக்கு மறுபக்கம் இணுவிலில் 1898இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டக் கூசி, நோயை மூடி வைத்துக்கொண்ட பெண்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்தார்கள். நம் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள்.

இனி ஊசிக்கு வருவோம். அக்குபங்சர் சீனத்திலிருந்து வந்த வைத்தியம். உடலில் 14 பாதைகள், அவற்றின்மேல் 361 புள்ளிகள் என்பது அதன் கணக்கு. மயிரிழை போன்ற ஊசியை அந்தப் புள்ளிகளில் ஏற்றுவார்கள். இதனால் பயன் உண்டா? சில நோவுகளுக்கு உண்டு. சத்திரசிகிச்சைக்குப் பின்னும் புற்றுநோய் மருந்தாலும் வரும் குமட்டலுக்கு இது உதவுவதாக 1997இல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு ஏற்றுக்கொண்டது. நாட்பட்ட முதுகுவலி, முழங்கால் வலி, ஒற்றைத் தலைவலி ஆகியவற்றில் ஓரளவு ஆறுதல் கிடைக்கிறது. ஆனால் நீரிழிவுக்காரரிடம் இன்சுலினை நிறுத்தச் சொல்பவரும், கட்டியை ஊசியால் கரைப்பேன் என்பவரும் வைத்தியம் செய்யவில்லை; உயிரோடு விளையாடுகிறார்கள். அவர்கள் வாசலை மிதிக்காதீர்கள்.

ஊசி மெல்லியதுதானே, என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். தோளின் மேற்புறத்திலும் நெஞ்சிலும் ஒரு விரற்கடை ஆழம் பிசகினால் நுரையீரலில் துளை விழும். ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்கும் குத்தினால் கல்லீரல் அழற்சிக் கிருமி கூடவே போகும். கர்ப்பிணிக்குத் தவிர்க்க வேண்டும் என்று சீன நூல்களே சொல்லும் புள்ளிகள் உண்டு. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருப்பது அவற்றில் ஒன்று. இதையெல்லாம் ஆறு வாரத்தில் எங்கே படிப்பது?

உலக சுகாதார நிறுவனம் 1999இல் இதற்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வைத்தியர் அல்லாத ஒருவர் அக்குபங்சரைத் தொழிலாகச் செய்ய 2500 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது அது. ஏற்கனவே மேலைநாட்டு வைத்தியம் படித்துத் தேறியவர், தம் சிகிச்சையில் சிறு அளவில் இதைச் சேர்த்துக்கொள்வதற்கே 200 மணி நேரத்துக்குக் குறையக் கூடாதாம். நாளைக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தாலும் ஆறு வாரத்தில் 90 மணி நேரம்தான் ஆகும்! சீனாவில் 1956இல் பெய்ஜிங், ஷாங்காய் முதலிய நான்கு நகரங்களில் சீன வைத்தியத்துக்கென்று கல்லூரிகள் எழுந்தன. அங்கே இது ஐந்தாண்டுப் பட்டப்படிப்பு. அமெரிக்காவில் பட்டதாரிகள் மூன்று ஆண்டு அளவில் முதுநிலை படித்து, தேர்வெழுதி, பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் பெற்ற பின்பே ஊசியைக் கையில் எடுக்கிறார்கள். இந்திய அரசு 2003இல் இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது. 2019இல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றது. அரசு ஏற்றுவிட்டது என்பதால் சுவரில் தொங்கும் எல்லாச் சான்றிதழும் செல்லுபடியாகிவிடாது.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு என்ன வழி? முதலில் ஒரு வைத்தியப் பட்டம், அதன் மேல் அக்குபங்சர். இதுவே என் அபிப்பிராயம். உடுவிலில் இருந்து எட்டிவிடும் தூரத்தில் கைதடி இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் படிப்பு 1984இல் தொடங்கியது. அங்கே தமிழ்ச் சூழலிலேயே படிக்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் யூனானிப் பட்டம் ராஜகிரியவில் இருக்கிறது. நம் முன்னோர் வளர்த்த வைத்தியம் அது. இப்னு சீனா தம் ‘அல்கானூன்’ நூலில் நாடிக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கினார். இரண்டும் ஐந்தாண்டுப் படிப்பு, பிறகு ஓராண்டு வைத்தியசாலைப் பயிற்சி. இரண்டும் இலவசக் கல்வி. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற வைத்தியராக வெளியே வந்த பின், ஊசி பழகுவது அவளுக்குப் பெரும் பாரமல்ல. உடற்கூறும் நோயறியும் முறையும் அதற்குள் கைவந்திருக்கும்.

ஆறு வருடமா, மாப்பிள்ளை பார்க்கும் வயது போய்விடாதா என்று கேட்பீர்கள். நிக்காஹ் முடித்துக்கொண்டும் படிக்கலாம். தடுப்பது பெரும்பாலும் படிப்பல்ல, மாமியார் வீடு. படித்து முடித்தவளுக்கு வீட்டு முன்னறை ஒன்று, ஒரு கட்டில், ஒரு திரை, ஒருமுறை குத்தி எறியும் ஊசிப் பெட்டிகள் போதும். முதுகிலும் வயிற்றிலும் உள்ள புள்ளிகளுக்கு ஆண் வைத்தியரிடம் போகத் தயங்கும் பெண்கள் அவளைத் தேடி வருவார்கள்.

மார்க்கச் சட்டத்தில் இதற்குத் தெளிவான விதி ஒன்று உண்டு. வைத்தியம் அறிந்தவர் என்று பெயர் பெறாத ஒருவர் வைத்தியம் பார்த்துக் கேடு விளைந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழி ஒன்று அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா தொகுப்புகளில் வருகிறது. நல்லெண்ணத்தோடுதான் செய்தேன் என்று சொல்லி நட்ட ஈட்டிலிருந்து தப்ப முடியாது என்று சட்ட அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆறு வாரச் சான்றிதழோடு அயல்வீட்டுப் பெண்ணுக்கு ஊசி ஏற்றப் போகும் மகளிடம் இதைச் சொல்லிவையுங்கள். எந்த வகுப்பில் சேர்ப்பதானாலும், எத்தனை மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் பயிற்சி, கற்பிப்பவர் எந்தச் சபையில் பதிவு பெற்றவர் என்று வாப்பாவைக் கேட்டுவரச் சொல்லுங்கள். மழுப்பலான பதில் வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

சாதாரண தரப் பெறுபேறு வந்திருக்கும் வீடுகளில் இப்போதே பேசிவிடுவது நல்லது. உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவை எடுக்காமல் விட்டால், பிறகு எவ்வளவு ஆசைப்பட்டாலும் கைதடிக்கும் ராஜகிரியவுக்கும் விண்ணப்பிக்க முடியாது.