கோயில் மதில் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர்

டெல்டாவின் கைவேலைகள் – 17

சென்ற வாரம் வயர் கூடையோடு நிறுத்தியிருந்தேன். கூடை பின்னத் தெரிந்த வீடுகள் சிலவற்றில் ஆணியில் இன்னொரு பையும் தொங்கும். உள்ளே இரண்டு நீள ஊசி, பாதி பின்னிய ஏதோ ஒன்று, பூனைக்குட்டிபோல் சுருண்டு கிடக்கும் உல்லன் நூல். தஞ்சாவூர் வெயிலில் யாருக்கடா ஸ்வெட்டர்? மார்கழி பஜனைக்குக் கிளம்புகிறவர்கள்கூட இங்கே ஒரு மஃப்ளரோடு சமாளித்துவிடுவார்கள்.

திருவையாற்றுப் பக்கம் இருக்கும் என் அத்தை பின்னுவது டொரான்டோவில் இருக்கும் பேரனுக்கு. வீடியோ காலில் அவன், "பாட்டி, ஓவர்சைஸா வேணும். கோடு போட்டது" என்றான். அத்தைக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை.

"தொளதொளன்னு வேணும்னு கேட்டு வாங்கறானா! இவன் அப்பனுக்கு ஆறாங்கிளாஸ்ல தைச்ச சட்டைய எட்டாவது வரைக்கும் போட்டான். அன்னைக்கு அதுக்கு இப்படி ஒரு பேரு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

நிஜம்தான். வளர்கிற பிள்ளை என்று சொல்லிச் சொல்லியே இரண்டு அங்குலம் கூட்டித் தைத்த ஊர் இது. பேரனை அத்தை நேரில் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. தோள் எவ்வளவு, கை எவ்வளவு என்று கணினித் திரையைப் பார்த்து யார் சொல்ல முடியும்? பெரிதாகப் போட்டுவிட்டால் கவலை இல்லை.

ஊசிப் பின்னல் குளிர்நாட்டுச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இன்று கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய பின்னல் துண்டுகள் எகிப்திலிருந்து வந்தவை, அதுவும் பருத்தி நூலில். வெயில் ஊரில், பருத்தியில் பின்னியிருக்கிறார்கள். நாம் மட்டும் என்ன? வயலுக்குப் போகிறவர் தோளில் கிடக்கும் திருப்பூர் பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெய்த வேட்டிபோல் ஊடும் பாவுமாக இருக்காது. கதிரில் நெல்மணி அடுக்கியதுபோல் ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி ஏறி நிற்கும். அதனால்தான் இழுத்தால் கொடுக்கிறது. அத்தை ஊசியில் செய்வதை அங்கே மெஷின் செய்கிறது. இங்கிலாந்தின் வில்லியம் லீ என்ற பாதிரியார் 1589இல் அதற்கு வழிகாட்டிவிட்டார்.

நூல் கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் வாங்கினோம். பெயர்தான் உல்லன், பெரும்பாலும் அக்ரிலிக். நிறத்தை அத்தை யோசிக்கவே இல்லை. "நம்ம கோயில் மதில் மாதிரி வெள்ளையும் காவியும் எடு."

பட்டைப் பின்னல் சட்டைக்கு அரசாணையே போட்டவர்கள் உண்டு. பிரெஞ்சுக் கடற்படை 1858 மார்ச் 27இல் மாலுமிச் சட்டைக்கு அளவு வகுத்தது: உடம்பில் 21 வெள்ளைப் பட்டை, ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர், இடையிடையே 10 மில்லிமீட்டரில் அவுரி நீலம். அப்போது நம் காரைக்கால் அவர்கள் கையில்தான் இருந்தது. அத்தையின் பட்டைக்கு அளவு இரண்டு அங்குலம், 14 வரிசை. "பதிமூணு வரிசை போட்டா என்ன?" என்றேன். ஊசியை நிறுத்திக் காட்டினார். ஒரு வரிசை வலமிருந்து போனால் அடுத்தது திரும்பி வரும். இரட்டைப்படையில் முடித்தால்தான் விட்டுப்போன நிறம் அதே ஓரத்தில் காத்திருக்கும். ஒற்றைப்படையில் முடித்தால் காவி நூல் அந்தக் கரையில், நாம் இந்தக் கரையில். நூலை அறுத்து முடிச்சுப் போட்டே மாளாது.

கணக்கு இப்படி: அங்குலத்துக்கு 5 கண்ணி, 7 வரிசை. முன்பக்கம் 24 அங்குல அகலம் என்றால் 120 கண்ணி. கீழே இரண்டு அங்குலம் இறுக்கமான விளிம்பு. அதற்குமேல் 12 பட்டை, 168 வரிசை. கழுத்து வளைவுக்குக் கொஞ்சம் தள்ளினாலும், முன்பக்கம் மட்டுமே 20,000 கண்ணிக்குக் கிட்ட வருகிறது. உள்ளங்கை வியர்த்து நூல் பிடித்துக்கொள்ளும்; பக்கத்தில் எப்போதும் பவுடர் டப்பா.

முன்பக்கம் அத்தை, பின்பக்கம் நான் என்று பிரித்துக்கொண்டோம். அதுதான் தப்பு. மாதிரிக்கு ஒரு சதுரம் பின்னி அளந்து பார் என்றார். தலையாட்டிவிட்டு நேரே ஆரம்பித்தேன். என் கை தளர்ச்சி. அங்குலத்துக்கு நாலரைக் கண்ணிதான் விழுந்திருக்கிறது. அதே 120 கண்ணி ஏறக்குறைய 27 அங்குலமாக அகன்று நின்றது. இரண்டையும் கூடத்தில் விரித்துப் பார்த்தார்.

"முன்னாடி பேரனுக்கு. பின்னாடி யாருடி, கோயில் யானைக்கா?"

மூன்று வாரத்து வேலை பத்து நிமிஷத்தில் பிரிந்துவிட்டது. பிரித்த நூல் சுருட்டை முடிமாதிரி நிற்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நனைத்து, காயவைத்து மறுபடி உருட்டினோம். 8ஆம் நம்பர் ஊசியை வாங்கிக்கொண்டு 9 கொடுத்தார். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். இந்தப் 'போனி' ஊசி எங்கிருந்தோ வருகிறது என்று நினைக்க வேண்டாம். நீலகிரி கேத்தியில் 1949இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சரக்கு.

பின்னல் ஐப்பசி அடைமழையில் ஆரம்பித்தது. "ஜனவரி 28 மேட்டூர் அணை மூடறதுக்குள்ள முடிச்சிடணும்" என்பது அத்தை வைத்த கெடு. என் பின்பக்கத்தால் சம்பா அறுப்பும் முடிந்து, மாசியும் பிறந்துவிட்டது. டொரான்டோவில் குளிர் மிச்சமிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

பார்சல் போடுமுன் யாருக்காவது மாட்டிப் பார்க்க வேண்டுமே? பால் ஊற்ற வரும் பையன் அகப்பட்டான். பகல் மூன்று மணி. கைகள் விரலைத் தாண்டித் தொங்கின, விளிம்பு தொடைக்கு வந்தது. இரண்டு நிமிஷத்தில் நெற்றியில் வியர்வை.

"பாட்டி, இதுக்குள்ள ஃபேன் வைக்கலையா?"

அவன் கழற்றும்போது மணிக்கட்டுக் கயிற்றில் ஒரு கண்ணி மாட்டி, காவிப் பட்டையில் நூல் வளையமாக வெளியே வந்துவிட்டது. அத்தை பதறவில்லை. மெல்லிய ஊசியொன்றைத் தலைமுடிக் கொண்டையிலிருந்து உருவி, வளையத்தைப் பின்பக்கமாக இழுத்து, பக்கத்துக் கண்ணிகளுக்கு ஒவ்வொன்றாகப் பங்கு கொடுத்துக்கொண்டிருந்தார்.

(தொடரும்)