கோடநாடு முனையில் நின்று மாயாற்றைப் பார்ப்போம்



தை பிறந்தால் போதும், வேன் பிடிக்கிற பேச்சு வந்துவிடும். ஊட்டி, பூங்கா, படகு, திரும்பும்போது பண்ணாரி. இதுதான் நம் வழக்கமான திட்டம். ஊட்டியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சத்தி, கோபி, புளியம்பட்டிப் பக்கம் இருக்கிற நமக்கு ஊட்டியைவிடச் சொந்தமான ஓர் இடம் இருக்குதுங்க. கோத்தகிரியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கோடநாடு காட்சி முனை. ஏன் சொந்தம் என்கிறேன் என்றால், நம் வாய்க்காலில் ஓடும் தண்ணீர் வருகிற வழியை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

நிறைய பேர் அங்கே போய், கம்பியைப் பிடித்து நின்று, பத்து போட்டோ எடுத்துக்கொண்டு, "ஒரே காடா இருக்குது" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். என்ன பார்க்கிறோம் என்று தெரிந்தால் ஒரு மணி நேரம் போதாது.

நீங்கள் நிற்கும் இடம் ஏறக்குறைய 6000 அடி உயரம். கீழே தெரியும் பள்ளத்தாக்கின் தரை ஆயிரம் அடியைக் கொஞ்சம்தான் தாண்டும். நடுவில் இருப்பது செங்குத்தான சரிவு. முதலில் பச்சையாக வளைந்து போகும் ஒரு கோட்டைத் தேடுங்கள். சுற்றிலும் காடு காய்ந்து பழுப்பாக இருந்தாலும் அந்தக் கோடு மட்டும் பச்சையாக இருக்கும். அதுதான் மாயாறு. மோயாறு என்றும் சொல்வார்கள். ஆற்றின் இரண்டு கரையிலும் நீர்மத்தி போன்ற பெரிய மரங்கள் நிற்பதால்தான் அந்தப் பச்சை. தண்ணீர் தெரியாவிட்டாலும் மரத்தை வைத்தே ஆற்றைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த ஆறு பிறப்பது நீலகிரியின் மேற்குப் பக்கம், முக்குருத்தி மலையில். அங்கே இதற்குப் பேர் பைக்காரா. 1932-லேயே இந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மலை இறங்கி முதுமலைக் காட்டுக்குள் வரும்போது மாயாறு ஆகிறது. பிறகு கிழக்கே திரும்பி, ஆழமான பாறைப் பிளவுக்குள் விழுந்து, தெங்குமரஹாடா வழியாக வந்து பவானிசாகர் அணைக்குள் சேர்கிறது. மேட்டுப்பாளையம் வழியாக வரும் பவானி ஆறும் அதே அணையில்தான் சேருகிறது. 1955-இல் கட்டி முடித்த அந்த அணையிலிருந்துதான் கீழ்பவானி வாய்க்கால் கிளம்பி, சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. முனையில் நின்று கிழக்கே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் தகடு போல மின்னுவது அணைத் தண்ணீர். அதற்குள்தான் தணாயக்கன் கோட்டைப் பழைய கோயில் மூழ்கிக் கிடக்கிறது. தண்ணீர் நன்றாக வற்றிய வருஷங்களில் வெளியே தெரியும்.

"மேலே தேயிலை இவ்வளவு பச்சையா இருக்கே, கீழே ஏன் முள்ளுக்காடு?" என்று கேட்கத் தோன்றும். மேற்கிலிருந்து வரும் மழைமேகம் நீலகிரியில் மோதி அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலைக்குப் பின்னால் மறைந்திருக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கு மிச்சம்தான் கிடைக்கும். ஆக, மழை அதிகம் இல்லாத ஊரில் மழைக்காட்டுத் தண்ணீர் ஓடுகிறது. யானை, மான், காட்டெருமை எல்லாம் கோடையில் ஆற்றைத் தேடி இறங்குவது அதனால்தான். மேற்கு மலைத்தொடருக்கும் கிழக்கு மலைத்தொடருக்கும் யானைகள் போய்வரும் பாதையும் இதுவே.

இனி மலைகளைப் பார்ப்போம். தனியாகக் கூம்பு போல நிற்பது ரங்கசாமி மலை. பக்கத்தில் தூண் நட்டது மாதிரி நிற்கும் தனிப் பாறைக்கு ரங்கசாமித் தூண் என்று பேர். அது மட்டுமே சுமார் 400 அடி உயரம். இருளர் மக்களுக்கு இந்த மலை தெய்வம். அவர்கள் சொல்லும் கதை நமக்குப் பிடிக்கும். ரங்கசாமி முதலில் காரமடையில் இருந்தாராம். பெண்சாதியோடு சண்டை போட்டுக் கோபித்துக்கொண்டு இந்த மலையில் வந்து தனியாக உட்கார்ந்துவிட்டாராம். சாமி வீட்டிலேயே இந்தக் கதை என்றால் நம் வீட்டைச் சொல்லணுமா!

காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் வானத்தையும் கவனியுங்கள். வெயிலில் சூடான காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே எழும்பும். அந்தக் காற்றில் ஏறிப் பெரிய பறவைகள் வட்டமிடும். சிறகை அடிக்காமல், பலகை மாதிரி விரித்து, குட்டை வாலோடு மிதப்பது பாறு. நாம் பிணந்தின்னிக் கழுகு என்று முகம் சுளிக்கிறோமே, அதுதான். வால் நடுவில் பிளந்திருந்தால் அது பருந்து, ஏமாந்துவிடாதீர்கள். பாறுகளில் ஒரு வகைக்கு வெண்முதுகுப் பாறு என்று பேர். தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் அந்த வெள்ளை முதுகு சரியாகத் தெரியாது. முனையில் நிற்கும்போது அது நமக்குக் கீழே பறந்தால், முதுகு வெள்ளை பளிச்சென்று தெரியும். கண்ணில் படுவது அதிர்ஷ்டம்தான்.

ஏனென்றால் அந்த இனமே அழிவின் விளிம்பில் இருக்கிறது. 1990-களில் இந்தியா முழுக்கப் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. நூறு இருந்த இடத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்னும் அளவுக்கு வெண்முதுகுப் பாறு குறைந்தது. தென்னிந்தியாவில் அது கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் முக்கியமானது இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றங்கரை நீர்மத்தி மரத்தின் உச்சியில் கூடு. வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை.

எதனால் செத்தன? வேடன் சுட்டல்ல. நாம் மாட்டுக்குப் போட்ட ஊசியால். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்று 2004-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். காய்ச்சல், மடிவீக்கம், கால்வலி என்று மாட்டுக்கு அந்த ஊசி போடுகிறோம். சில நாளில் மாடு இறந்துபோனால் காட்டோரம் போட்டுவிடுகிறோம். அந்த இறைச்சியைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு, சில நாளில் தலை தொங்கிச் செத்து விழுகிறது. ஒரு மாட்டை ஒரே நேரத்தில் பல பாறுகள் கூடித் தின்னும் அல்லவா? அதனால் நூற்றில் ஒரு பிணத்தில் இந்த மருந்து இருந்தாலே போதும், மொத்த இனமும் சரிந்துவிடும்.

கால்நடைக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பது 2006-லேயே தடை செய்யப்பட்டது. ஆனாலும் மனிதருக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015-இல் அந்த ஊசி மருந்தை 3 மில்லிக்கு மேல் ஒரே பாட்டிலில் விற்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் இரண்டும் 2023-இல் கால்நடைக்குத் தடை செய்யப்பட்டன. 2024 கடைசியில் நிமெசுலைடும். கடன் வாங்கிக் கறவை மாடு பிடித்த சகோதரிகள் நம்மிடம் நிறையப் பேர். மாட்டுக்கு நோவு என்றால் கைக்குக் கிடைத்த ஊசியைப் போடச் சொல்லாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் "மெலாக்சிகம் போடுங்க சார்" என்று பேர் சொல்லியே கேளுங்கள். அது பாறுக்குக் கெடுதல் செய்யாத மருந்து, மாட்டுக்கும் நன்றாகக் கேட்கும்.

இன்னொன்றும் சொல்லணும். சிறுத்தை மாட்டை அடித்துவிட்டால் கோபத்தில் அந்த இறைச்சியில் விஷம் தடவும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சிறுத்தை சாகுதோ இல்லையோ, பாறு கூட்டமாகச் சாகும். அப்படிச் செய்வது குற்றமும்கூட. வனத்துறையில் சொல்லி, மாட்டுக்கு நஷ்டஈடு வாங்கப் பாருங்கள்.

"மேலேயிருந்து பார்த்தாச்சு, கீழே ஆத்துல இறங்கிக் குளிக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கீழே இருப்பது புலிகள் காப்பகம். தெங்குமரஹாடா மக்களே பரிசலில் ஆற்றைக் கடந்துதான் ஊருக்குப் போகிறார்கள். மாயாற்றில் முதலை உண்டு. மேலே மழை பெய்தாலோ அணையில் தண்ணீர் திறந்தாலோ, இங்கே வெயில் காயும்போதே ஆறு ஏறிவிடும். அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகக்கூடாது.

இதே பள்ளத்தாக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க, பண்ணாரிக்கு மேலே திம்பம் மலைப்பாதை இருக்கிறது. 27 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள், போதும். வண்டியை நிறுத்தி இறங்கி நிற்பது ஆபத்து.

கோடநாட்டுக்குத் தை, மாசி நல்ல மாதம். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் மழை கனமாக இருக்கும். மதியத்துக்கு மேல் மூடுபனி வந்து கதவு சாத்தியது போல எல்லாவற்றையும் மறைத்துவிடும். காலையிலேயே போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். சீசனில் மேலே ஏறக் குன்னூர் வழி, இறங்கக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்குவார்கள், டிரைவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வேனில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். செல்போனிலேயே எடுக்கலாம், காசு கிடையாது. அரசு பஸ்ஸில் போனால் அது தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் கேரி பேக்கையும் குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு சில்வர் தூக்கும் துணிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். புளிசாதம் வாழையிலையில் கட்டினால் கெடாமல் இருக்கும். குழுவில் யார் வீட்டிலாவது பைனாகுலர் இருந்தால் கேட்டு வாங்கி வையுங்கள்.