கத்தரிக்கோல் ஊருக்கு வந்த சோதனை... ஜெர்மனியை உலுக்கும் ஒரு மருத்துவச் சட்டம்!

பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தை. உதடும் நகமும் நீலம் பாரித்துக் கிடக்கின்றன. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறி அமைந்துவிட்டன. நுரையீரலில் சுத்தமாகும் ரத்தம், உடலுக்குப் போகாமல் மறுபடியும் நுரையீரலுக்கே திரும்புகிறது.

பெரிய ஆபரேஷன் வரை அந்த உயிரைத் தாங்கிப் பிடிக்க டாக்டர்களிடம் ஒரு வழி உண்டு. நுனியில் குட்டி பலூன் வைத்த மெல்லிய குழாயை ரத்தநாளம் வழியாக இதயத்துக்குள் செலுத்தி, மேலறைகளுக்கு நடுவே உள்ள துளையைப் பெரிதாக்குவார்கள். நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலக்கும். நீல நிறம் மெல்ல மாறும். அமெரிக்க டாக்டர் வில்லியம் ராஷ்கைண்ட் 1966-ல் அறிமுகப்படுத்திய சிகிச்சை இது.

'இப்படிப்பட்ட பலூன் குழாய்கள் கிடைக்காமல் போகலாம்' என்று ஜெர்மனியின் குழந்தை இதயநோய் நிபுணர்கள் சில ஆண்டுகளாகவே எச்சரித்துவருகிறார்கள். காசு இல்லாமல் அல்ல, தொழில்நுட்பம் இல்லாமலும் அல்ல. நோயாளிகளைப் பாதுகாக்க வந்த ஒரு சட்டத்தால்!

டான்யூப் கரையில் ஒரு கருவி நகரம்

ஐரோப்பாவின் மிகப்பெரிய மருத்துவக் கருவிச் சந்தை ஜெர்மனி. ஸ்கேன் இயந்திரங்களுக்கு சீமென்ஸ் ஹெல்த்தினியர்ஸ், வென்டிலேட்டருக்கு டிரேகர், செயற்கைக் கால்களுக்கு ஓட்டோபாக் என உலகம் அறிந்த பெயர்கள் அங்கே உண்டு. ஆனால், அந்த நாட்டின் மருத்துவக் கருவி நிறுவனங்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் 250 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் சிறிய, நடுத்தர நிறுவனங்கள்தான்.

அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே, டான்யூப் நதிக்கரையில் இருக்கும் டுட்லிங்கனுக்குப் போக வேண்டும். மக்கள்தொகை 35,000 சொச்சம்தான். ஆனால், அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் 400-க்கும் அதிகமான மருத்துவக் கருவி நிறுவனங்கள் இருக்கின்றன. 'மருத்துவத் தொழில்நுட்பத்தின் உலக மையம்' என்று ஊரே தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

ஒரு காலத்தில் கத்தியும் காலணியும் செய்த ஊர் இது. 1867-ல் காட்ஃப்ரீட் யெட்டர் இங்கே தொடங்கிய பட்டறைதான், பின்னாளில் 'ஈஸ்குலாப்' என்ற பெரிய நிறுவனமானது. 1945-ல் கார்ல் ஸ்டார்ஸ் தொடங்கிய நிறுவனம், உடலுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பால் உலகப் புகழ் பெற்றது. இந்தப் பெரிய மரங்களின் நிழலில் அப்பா, மகன், நாலைந்து தொழிலாளிகள் என்று நடக்கும் பட்டறைகளும் ஏராளம்.

ஆபரேஷன் கருவி செய்வது அங்கே முறையாகப் படிக்க வேண்டிய தொழில். பயிற்சிக் காலம் மூன்றரை ஆண்டுகள். கத்தரிக்கோலின் இரண்டு அலகும் அடியிலிருந்து நுனி வரை சீராக உரசிச் செல்கின்றனவா என்பதைக் கையும் கண்ணும்தான் தீர்மானிக்கின்றன.

பிரான்ஸில் நடந்த மோசடி

இந்தப் பட்டறைகளுக்கு வந்த சோதனையின் வேர் பிரான்ஸில் இருக்கிறது. அங்கே 'பிப்' என்ற நிறுவனம் பெண்களுக்கான மார்பக இம்ப்ளான்ட் தயாரித்தது. மருத்துவத் தர சிலிகானுக்குப் பதிலாக, மலிவான தொழிற்சாலைத் தர சிலிகானை அதில் அடைத்தது 2010-ல் அம்பலமானது. உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பெண்களின் உடலில் அது பொருத்தப்பட்டிருந்தது. நிறுவனருக்கு 2013-ல் நீதிமன்றம் 4 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

அந்த இம்ப்ளான்ட்டுக்கு முறையான ஐரோப்பியச் சான்றிதழ் இருந்ததுதான் பெரும் அதிர்ச்சி. தணிக்கையாளர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தார்கள். வருவதற்குள் போலிச் சரக்கு ஒளித்துவைக்கப்பட்டது.

'இனி இப்படி நடக்கக் கூடாது' என்று 2017-ல் புதிய சட்டம் இயற்றியது ஐரோப்பிய ஒன்றியம். கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய், 2021 மே 26 முதல் அமலுக்கு வந்தது. தணிக்கையாளர்கள் குறைந்தது 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது சொல்லாமல் கொள்ளாமல் தொழிற்சாலைக்குள் நுழைய வேண்டும் என்கிறது சட்டம். இதை யாரும் குறை சொல்லவில்லை.

கத்தரிக்கோலுக்கும் கோப்பு!

சிக்கல் மற்ற இடங்களில் வந்தது. கழுவி, கிருமி நீக்கி, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கத்தரிக்கோல், இடுக்கி போன்றவற்றுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பேற்று உறுதிமொழி கொடுத்தால் முன்பு போதும். இப்போது அவற்றை எப்படிச் சுத்தம் செய்வது, எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதையெல்லாம் ஆதாரத்தோடு எழுதி, வெளித் தணிக்கை அமைப்பிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். பல ஆண்டுகளாகச் சிக்கலின்றிப் பயன்பட்டுவரும் கருவிகளும் தப்பவில்லை. சான்றிதழின் ஆயுளும் அதிகபட்சம் 5 ஆண்டுகள்தான்.

பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே தனித் துறை வைத்துக்கொள்ளும். சின்னப் பட்டறை என்ன செய்யும்? ஆண்டுக்குச் சில நூறு மட்டுமே விற்கும் கருவிக்கும், லட்சக்கணக்கில் விற்கும் கருவிக்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். எனவே, 'விற்பனை குறைவானதை நிறுத்திவிடலாம்' என்று கணக்குப் போட்டார்கள் பலர். அப்படி முதலில் அடிபடுபவை அபூர்வ நோய்களுக்கும் குழந்தைகளுக்குமான கருவிகள். நீலக் குழந்தையின் பலூன் குழாய்க்கு வந்த ஆபத்து இதுதான்.

நெருக்கடியை உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம், பழைய சான்றிதழ்களுக்கான கெடுவை 2023-ல் நீட்டித்தது. ஆபத்து அதிகமுள்ள கருவிகளுக்கு 2027 இறுதி வரையிலும், மற்றவற்றுக்கு 2028 இறுதி வரையிலும் அவகாசம். அபூர்வ நோய்க் கருவிகளுக்கு 2024-ல் தனி வழிகாட்டுதலும் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், சட்டத்தையே அவசரமாகத் திருத்த வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது.

அதற்காகக் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஏமாற்றப்பட்ட 3 லட்சம் பெண்களின் வேதனை நிஜம். ஆனால், அந்த மோசடியில் காகிதத்துக்குக் குறைவில்லை. காகிதம் சொன்னதும் டப்பாவில் இருந்ததும் வேறு வேறு என்பதை யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். திடீர்ச் சோதனை அந்த ஓட்டையை அடைக்கிறது. கத்தரிக்கோலுக்குச் சேரும் கோப்புகள் எதை அடைக்கின்றன என்பதுதான் டுட்லிங்கன் பட்டறைகளின் கேள்வி.