அடைமழையில் மலைவழிப் பயணம்

ஐப்பசியும் கார்த்திகையும் வடகீழ்ப் பருவமழைக்குரிய மாதங்கள். தீபாவளிக்கும் திருமணங்களுக்குமாகச் சூரியநெல்லியிலிருந்து நம் குடும்பத்தினர் தேனிப் பக்கம் இறங்கி ஏறுவதும் இம்மாதங்களிலேதான். வங்கக் கடலிற் பிறக்கும் புயல் கரையோடு நின்றுவிடுவதில்லை. 2018 நவம்பர் 16-ஆம் நாள் வேதாரணியத்தருகே கரை கடந்த கஜா புயல், திண்டுக்கல் சீமையைத் தாண்டி நம் மலைக்கும் பெருமழை கொணர்ந்தது. ஆதலின், போடிமெட்டுப் பாதையிற் காரோட்டும் அன்பர்கள் சிலவற்றை மனத்திற் கொள்ளுதல் நலம்.

புறப்படுமுன்

முதலிற் டயர்களைப் பாருங்கள். அவற்றின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்து தேய்ந்திருப்பின் சட்டமும் ஏற்காது. ஈரச் சாலையும் ஏற்காது. பிரேக், விளக்குகள், பாட்டரி, வைப்பர் ரப்பர், ஸ்டெப்னி ஆகியவற்றைச் சோதியுங்கள். பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். டார்ச் விளக்கு, கம்பளி, குடிநீர், பிஸ்கட், சக்கரத்திற்கு முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டை ஆகியவை வண்டியில் இருக்கட்டும். புறப்படும் நேரத்தையும் போய்ச்சேரும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள்.

வழியில்

போடிமெட்டுப் பாதையிற் 17 கொண்டையூசி வளைவுகள் உள. ஏறுவதற்கு எந்தக் கியரோ, இறங்குவதற்கும் அதுவே. பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிடவேண்டும். மூடுபனியில் விளக்கைத் தாழ்த்துங்கள். உயர்த்திய ஒளி பனியில் மோதி நம் கண்ணையே கூசச் செய்யும்.

சரிவிலிருந்து சிறு கற்கள் உதிர்ந்தாலோ, ஓடைநீர் திடீரெனச் சேறாய்க் கலங்கினாலோ, அவ்விடத்தில் நில்லாது அகலுங்கள். சாலையின் குறுக்கே பாயும் வெள்ளத்தில் வண்டியை இறக்காதீர்கள். ஓரடி ஆழமே சிறு காரைப் புரட்டப் போதும். இடிமின்னலின்போது மரத்தடியை நாடாது, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே அமர்ந்திருங்கள்.

நில்லுதலும் ஒரு திறமையே

இத்தனை ஆயத்தமும் மலை சரியும்போது உதவா. தேவிகுளம் கேப் சாலை 2019-லும் 2020-லும் சரிந்து போக்குவரத்து நின்றதை நாம் அறிவோம். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை இடிந்து, நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரை இழந்தோம். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனமையால், மறுநாட் காலையிலேதான் செய்தி வெளியே எட்டியது. இரவு மழையில் மலைக்குள் அகப்பட்டவருக்கு உதவி எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதை அந்த இரவே உணர்த்திற்று.

ஆகவே, வானிலைத் துறை சிவப்பு அல்லது ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். மற்ற நாட்களிலும் பொழுது சாயுமுன் மலையைக் கடந்துவிடுங்கள். 2023 ஜூன் முதல் போடிநாயக்கனூருக்கும் சென்னைக்கும் நேர் ரயில் ஓடுகிறது. அந்த இரவு ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், கடைசி நேரத்தில் இருட்டிலும் மழையிலும் இறங்குவோர் உளர். ரயில்வே எழுத்தர் வேலையிலிருந்தே கூறுகிறோம்: தவறிய ரயிலுக்குப் பின் இன்னொரு ரயில் உண்டு. பயணச்சீட்டின் பணம் போனாலும் போகட்டும். முகூர்த்தத்திற்கு வரவில்லையென்று உறவினர் கோபித்தால், மறுவாரம் நேரிற் சென்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

அவசர உதவிக்கு 112, மருத்துவ ஊர்திக்கு 108. இவ்விரண்டு எண்களையும் வண்டியில் எழுதி ஒட்டிவையுங்கள்.