நாலு செங்கல் இடத்தில் மூன்று

கையில் உள்ள பணத்துக்குள் வீட்டை முடிக்க வேண்டும் என்றதும் பெரும்பாலோர் தரத்தில்தான் கை வைக்கிறார்கள். கலவையில் சிமென்ட் குறைகிறது, கம்பி மெலிகிறது. குறைக்க வேண்டிய இடம் அதுவல்ல. சுமையைத் தாங்காமல், வெயிலையும் தடுக்காமல் சும்மா அடைந்து கிடக்கும் பொருள் எந்த வீட்டிலும் நிறைய உண்டு. அதைத் தேடி எடுத்துவிட்டால் செலவு இறங்கும், பலம் குறையாது. கேரளத்தில் இதைப் பல பத்தாண்டுகள் செய்து காட்டியவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர்.

அவர் பரவலாக்கிய ‘எலிப்பொறிக் கட்டு’ என்ற செங்கல் அடுக்கும் முறையைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் கொத்தனார் செங்கல்லைப் படுக்க வைத்து அடுக்குகிறார். சுவர் முழுக்கக் கெட்டி. எலிப்பொறிக் கட்டில் செங்கல் பக்கவாட்டில் நிற்கிறது. உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, இரண்டையும் பிணைக்கக் குறுக்கே ஒன்று. நடுவில் மூன்று அங்குல வெற்றிடம். செங்கல் 9 அங்குல நீளம், 4½ அகலம், 3 உயரம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஓரடி நீளம், நாலரை அங்குல உயரத்துக்குக் கெட்டிச் சுவர் நாலு செங்கல் கேட்கும். இது மூன்றோடு நிற்கும். கால் பங்கு செங்கல் மிச்சம், கூடவே கலவையும் மிச்சம். சுவரின் கனமோ அதே ஒன்பது அங்குலம். நடுவில் அடைபட்ட காற்று வெளிச்சூடு உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. கெட்டிச் சுவரில் இந்த வசதி இல்லை.

மேல்தளத்துக்கும் இதே நியாயம்தான். பாரம் ஏறும்போது தளம் நடுவில் தொய்யப் பார்க்கும். அப்போது மேற்பகுதி நசுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. நசுக்கலைத் தாங்கும் காங்கிரீட், இழுவையைத் தாங்காது. அதற்காகத்தான் அடியில் கம்பி. ஆகவே கீழ்ப்பகுதி காங்கிரீட்டின் வேலை பெரும்பாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான். கம்பிச் சட்டங்களுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளை வைத்துக் காங்கிரீட் போட்டால் அந்த அளவுக்குக் காங்கிரீட் மிச்சமாகும், தளத்தின் எடையும் குறையும். ஒரு எச்சரிக்கை: பால்கனி போல் வெளியே நீட்டிய தளத்தில் இழுவை மேற்பக்கம் வரும், அங்கே இந்த முறை கூடாது. எங்கே ஓடு, எங்கே கெட்டி என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

உள்ளே பொள்ளலான சுவர் பாரம் தாங்குமா என்ற பயம் நியாயமானது. ஆனால் சாதாரண ஒரு மாடி வீட்டின் பாரம், நல்ல செங்கல் தாங்கக்கூடியதில் சிறு பங்குதான். முதல் வரி, ஜன்னல் அடி, லிண்டல், கூரை மட்டம், கதவோரம் ஆகிய இடங்களைக் கெட்டியாகவே கட்டுவார்கள். மூலைப் பொள்ளலில் கம்பி இறக்கிக் காங்கிரீட் நிரப்பவும் முடியும். கனமான அலமாரி மாட்டும் இடத்தையும் முன்கூட்டியே சொல்லி நிரப்பிக்கொள்ளலாம். கூலி கூடும் என்பது உண்மையான குறை. கை பழகாத கொத்தனாருக்கு நேரம் பிடிக்கும். விளிம்பு கோணலான செங்கல் என்றால் இடைவெளியை நிரப்பவே கலவை போய்விடும், மிச்சம் கரைந்துவிடும். செங்கல் ஒழுங்காகக் கிடைக்காத ஊரில் இதை வற்புறுத்துவது சரியல்ல. பூச்சில்லாமல் விட்ட சுவர் மழையில் ஊறும் என்ற கவலைக்குக் கூரையை நன்றாக வெளியே இறக்குவதே மருந்து.

இத்தனைக்கும் முன்னால் செலவைத் தீர்மானிப்பது வரைபடம். 600 சதுர அடியை 20க்கு 30 என்று கட்டினால் வெளிச்சுவர் 100 அடி. 10க்கு 60 என்று நீட்டினால் 140 அடி. இடம் அதே, சுவரும் அஸ்திவாரமும் 40 அடி அதிகம். மனை இடம் கொடுத்தால் சதுரத்துக்கு நெருங்கியே போங்கள். செங்கல் லோடு சொல்வதற்கு முன்னால், கொத்தனாரைக் கலவையில்லாமல் நாலு வரி எலிப்பொறிக் கட்டு அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். செங்கல்லின் தரமும் கொத்தனாரின் கையும் அதிலேயே தெரிந்துவிடும்.