எட்டியும் தேற்றாவும்

காட்டு மரமொன்றின் பெயரை அறிய விரும்புகிறவர் ஓரிலையைக் கிள்ளிவந்து நீட்டுவது வழக்கம். ஆனால் இலையின் வடிவம் பெரிதும் ஏமாற்றக்கூடியது. ஒரே விருட்சத்தில் நிழலில் தழைத்தது அகன்றும், உச்சி வெயிலில் நிற்பது சிறுத்தும் இருக்கக் காண்கிறோம். இலைகள் கொப்பில் அமர்ந்துள்ள முறை, நரம்பு ஓடும் விதம், மரம் கிளைக்கும் ஒழுங்கு ஆகியவையே நம்பத்தக்க லக்ஷணங்களாதலால், பறிப்பவர் ஒரு சாண் கொப்போடு பறிப்பதே உத்தமம்.

எட்டியை எடுத்துக்கொள்வோம். இதன் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்பவை. வழவழப்பும் பளபளப்பும் உடையவை. அடிப்பாகத்திலிருந்தே மூன்று அல்லது ஐந்து நரம்புகள் புறப்பட்டு, வளைந்து நுனியை நாடிச் செல்லும். இலந்தைக்கும் மூன்று நரம்புகள் உண்டே என்றால், அதன் இலைகள் மாறிமாறி அமைந்தவை. காட்டு இலவங்கத்துக்கோ மூன்று நரம்புகளோடு ஏறக்குறைய எதிரிலைகளும் உண்டு. கசக்கி முகர்ந்தால் வாசனையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். முகர்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நாவில் வைத்துப் பார்க்கும் சாமர்த்தியம் எட்டியினிடம் வேண்டாம்.

மரத்தைச் சற்று விலகி நின்று நோக்கினால், கிளைகள் கவைகவையாகப் பிரிந்து போவது புலப்படும். கொப்பின் நுனியிலேயே பூங்கொத்து தோன்றி அவ்வழி வளர்ச்சி முடிந்துவிட, பக்கத்து மொட்டுகள் இரண்டும் கிளம்புவதன் விளைவு இது.

இவ்வளவும் பொருந்திய பின்னும் ஒரு சந்தேகம் எஞ்சும். எட்டியின் உடன்பிறப்பான தேற்றா மரத்துக்கும் எதிரிலை, அதே நரம்பமைப்பு. ஆயினும் தேற்றாவின் இலை சிறியது, காம்பு இருப்பதே தெரியாத அளவுக்குக் குறுகியது. அடிமரத்தைப் பார்த்தாலோ ஐயமே இராது: எட்டியின் பட்டை சாம்பல் நிறமாய் மெல்லியதாயிருக்க, தேற்றாவினது கறுத்துத் தடித்து ஆழ வெடித்திருக்கும். எட்டிக்கனி ஆரஞ்சு நிறத்தது, கடின ஓடுடையது, தட்டையான வித்துக்கள் சிலவற்றைக் கொண்டது. தேற்றாக்கனி கறுத்துச் சிறுத்து, பெரும்பாலும் ஒற்றை விதையுடையது.

பெல்த்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு ரசாயனிகள் 1818-இல் இந்த இனத்து வித்துக்களிலிருந்து பிரித்தெடுத்த ஸ்ட்ரிக்னின் என்னும் கொடிய விஷம் எட்டிக்கொட்டையில் நிறைந்துள்ளது. தேற்றாங்கொட்டையையோ மண்பானையின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றிவைப்பார்கள். கொட்டையிலிருந்து கரையும் பொருள் நுண்ணிய மண் துகள்களை ஒன்றுசேர்த்துக் கனக்கச் செய்வதால், அவை அடியில் படிந்து நீர் தெளிந்துவிடும்.