போக்குவரவு நின்ற வீடுகள்

கொங்கு நாட்டில், குறிப்பாக வேளாண் குடிகளில் பிறக்கும் குழந்தை, பேசப் பழகும்போதே இரண்டு வீடுகளையும் சேர்த்துப் பழகிக்கொள்கிறது. தந்தை வழியில் அப்பாரும் ஆத்தாவும், தாய் வழியில் அப்பச்சியும் அமுச்சியும் அதற்கு உண்டு. கூட்டம் என்னும் குலப்பிரிவும் குலதெய்வமும் தந்தை வழியில் வருவதால் முதல் முடியெடுப்பு தந்தையின் குலதெய்வக் கோயிலில் நடக்கிறது. காதுகுத்துக்கோ தாய்மாமன் மடி வேண்டும். ஆகவே பெற்றோரின் மணமுறிவு பிள்ளையை என்ன செய்கிறது என்று இந்த மண்ணில் கேட்கும்போது, இருவர் பிரிவதோடு இவ்விரு வீடுகளுக்கிடையே போக்குவரவு நின்றுபோவதையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பல்லாண்டுகள் ஆய்வு நடத்திய உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் 2002-இல் வெளியிட்ட நூலின்படி, மணமுறிவு கண்ட குடும்பங்களின் பிள்ளைகளில் சுமார் 25 விழுக்காட்டினரிடமும் பிரியாத குடும்பங்களின் பிள்ளைகளில் 10 விழுக்காட்டினரிடமும் கடுமையான உளச்சிக்கல்கள் காணப்பட்டன. ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் என்பதும், முக்கால் பங்குப் பிள்ளைகள் தேறிவருகிறார்கள் என்பதும் இந்த ஒரே கணக்கில்தான் இருக்கின்றன. ஓயாத சண்டை நடக்கும் வீட்டுப் பிள்ளைகள் பிரிவுக்குப் பின் ஓரளவு ஆறுதல் அடைவதையும், சண்டை வெளியே தெரியாத வீட்டில் திடீரென வரும் பிரிவே பிள்ளைகளை அதிகம் உலுக்குவதையும் சமூகவியலாளர் பால் அமெட்டோவின் ஆய்வுகள் காட்டின. எனவே, 'பிள்ளைக்காகவாவது பொறுத்துக்கொண்டு இரு' என்று பெரியவர்கள் சொல்லும் அறிவுரை எல்லா வீட்டுக்கும் பொருந்துவதன்று. அடியும் வசவும் நாள்தோறும் நடக்கும் வீட்டில் அது பிள்ளைக்கே கேடாக முடியும்.

பாதிப்பு வயதுக்கேற்ப உருமாறுகிறது. மூன்று, நான்கு வயதுக் குழந்தை விட்டிருந்த பழக்கத்துக்குத் திரும்பிப் படுக்கையை நனைக்கும். ஆறேழு வயதில், தான் செய்த குறும்பால்தான் அப்பா போய்விட்டார் என்று நம்பும். பத்து வயதைத் தாண்டினால் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லத் தொடங்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மணமுறிவு பெற்றவர்கள் ஏறத்தாழ 13.6 லட்சம் பேர். வழக்கு முடிவின்றியோ வழக்கே இன்றியோ பிரிந்து வாழ்வோர் அதைப் போல இரு மடங்குக்கும் மேல். இந்த இரண்டாம் வகைக் குடும்பங்கள் பலவற்றில், பிள்ளை யாரை எப்போது பார்க்கலாம் என்று வரையறுக்கும் ஆணைகூட இருப்பதில்லை. கோவைக் குடும்பநல நீதிமன்றத்துக்கு வரும் இந்துக் குடும்ப வழக்குகளுக்குப் பொருந்தும் 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும், எந்த முடிவிலும் குழந்தையின் நலனே முதன்மை என்றும் கூறுகிறது. விவரமறிந்து சொல்லும் வயதிலிருக்கும் பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கருத்தில் கொள்ளலாம் என்கிறது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். ஆனால் 'யாரிடம் இருக்க ஆசை?' என்ற அக்கேள்வி, ஒருவரை வேண்டாமென்று சொல்லும்படி கேட்பதாகவே பிள்ளையின் காதில் விழக்கூடும்.

உளவியலாளர்கள் விசுவாச முரண் என்று குறிப்பிடும் நிலை இதுதான்: ஒருவரிடம் அன்பு காட்டினால் மற்றவருக்குத் துரோகம் செய்ததாகிவிடும் என்ற அச்சம். ஞாயிற்றுக்கிழமை தந்தையோடு சில மணி நேரம் இருந்து திரும்பும் சிறுமியிடம், அங்கே என்ன சாப்பிட்டாய், யார் யார் வந்தார்கள் என்று வீட்டார் கேட்கும்போது, கேட்பவர் முகத்தைப் பார்த்தே விடை அமைகிறது. தட்டு நிறையப் பணியாரம் தின்று வந்தவள், 'அங்க ஒண்ணும் நல்லா இல்லீங்க அமுச்சி' என்கிறாள். இப்படி மகிழ்ச்சியை மறைக்கப் பழகும் பிள்ளை நாளடைவில் துயரத்தையும் மறைத்துவிடும். பள்ளியில் மதிப்பெண் சரிவதும் காரணமில்லாத வயிற்றுவலியும் அதன் பிறகே வெளிப்படலாம்.

பார்க்கும் நேரத்தை நீதிமன்றம் வரையறுக்க முடியும். ஆனால் காதுகுத்துக்கு அப்பாருக்குச் சொல்லி அனுப்புவதா, வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் அப்பச்சி வீட்டார்தான் தீர்மானிக்கிறார்கள். தம்பதியர் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காவிட்டாலும் முதியவர்கள் 'வாங்க' என்று அழைக்கும் வீட்டில், மாமன் மடியில் காது குத்திக்கொண்டு அழுத பிள்ளை, அழுகை அடங்குமுன்பே இறங்கி, பந்தலின் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பாரிடம் தோட்டைக் காட்ட ஓடுகிறது.